ரிட் போடுவதற்கு முன்னும் பின்னும்: முதன்முறை உயர் நீதிமன்றம் போகிறவர்களுக்கு

“ஐகோர்ட்டில் ஒரு ரிட் போட்டுவிட்டால் போதும்தானே சார்?” என்று கேட்டுக்கொண்டேதான் பலரும் வக்கீல் அலுவலகத்துக்குள் நுழைகிறார்கள். ‘இதைச் செய்’, ‘இதைச் செய்யாதே’ என்று அரசுக்கோ அதிகாரிக்கோ உயர் நீதிமன்றம் போடும் ஆணைதான் ரிட் (நீதிப்பேராணை); அதைக் கேட்டுக் கொடுக்கும் மனுவையும் ரிட் என்றே சொல்கிறோம். போடலாம்தான். ஆனால் ரிட்டின் ஜெயிப்பும் தோல்வியும் பாதிக்கு மேல், நீதிமன்ற வாசலை மிதிப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. கையில் என்ன காகிதம் இருக்கிறது, யாரிடம் என்ன கேட்டீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் அல்லது சொல்லாமல் விட்டார்கள் என்பதை வைத்துத்தான் நீதிபதி பார்க்கிறார். அதனால் இந்தக் கட்டுரையில் நீதிமன்றத்துக்கு உள்ளே நடப்பதைவிட வெளியே நீங்கள் செய்ய வேண்டியதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் எந்தக் கதவு என்று பார்த்துவிடுவோம். அரசியலமைப்பில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. 32வது பிரிவின்படி நேராக உச்ச நீதிமன்றம் போகலாம், ஆனால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் மட்டும். 1948 டிசம்பர் 9 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இதைத்தான் அரசியலமைப்பின் உயிர், இதயம் என்றார். 226வது பிரிவு உயர் நீதிமன்றத்துக்கானது. அதில் அடிப்படை உரிமை மட்டுமல்ல, மற்றச் சட்ட உரிமைகளுக்காகவும் போகலாம். 1950இல் மெட்ராஸ் அரசு ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற வார இதழை மாநிலத்துக்குள் வரவிடாமல் தடை செய்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். “முதலில் உயர் நீதிமன்றம் போயிருக்க வேண்டும்” என்று அரசுத் தரப்பு சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை, தடையும் செல்லாது என்றது. இன்றைக்கு நிலைமை வேறு. 32இன் கீழ் போனால் பெரும்பாலும் நீதிபதிகளே “உயர் நீதிமன்றம் இருக்கிறதே, ஏன் போகவில்லை?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே சாதாரண மனிதருக்கு 226தான் வழி.

எதிரே நிற்பது யார்?

ரிட் பொதுவாக அரசுக்கு எதிரானது. அரசு என்றால் கோட்டை மட்டும் இல்லை. தாசில்தார், நகராட்சி, மின்வாரியம், அரசுப் பல்கலைக்கழகம், பொதுத்துறை வங்கி எல்லாம் இதில் அடங்கும். பக்கத்து வீட்டுக்காரர் சுவரை உங்கள் இடத்தில் எழுப்பிவிட்டார் என்றால் அதற்கு ரிட் இல்லை, சிவில் வழக்குத்தான். தனியார் கம்பெனி சம்பளப் பாக்கி வைத்திருந்தால் தொழிலாளர் துறையையும் தொழிலாளர் நீதிமன்றத்தையும் பார்க்க வேண்டும்.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. தனியார் அமைப்பாக இருந்தாலும் பொதுக்கடமை ஒன்றைச் செய்கிறது என்றால், அந்தக் கடமையைச் செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். ஒரு தனியார் கல்லூரி அறக்கட்டளை விஷயத்தில் 1989இல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது. தீண்டாமையைத் தடை செய்யும் 17வது பிரிவும் கொத்தடிமை முறையைத் தடை செய்யும் 23வது பிரிவும் தனி மனிதர்களையும் கட்டுப்படுத்தும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேச்சுரிமை, தொழில் செய்யும் உரிமை போன்ற 19வது பிரிவின் உரிமைகள் குடிமக்களுக்கு மட்டும்தான். சமத்துவம் சொல்லும் 14, உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21 இரண்டும் இந்த மண்ணில் இருக்கிற எல்லோருக்கும் பொருந்தும். முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர் ஒருவரும் இவற்றைச் சொல்லி மனுப் போடலாம்.

வேறு வழி இருக்கிறதா?

வழக்கு விசாரணைக்கு வந்ததும் முதலில் விழும் கேள்வி இதுதான்: “அப்பீல் இருக்கிறதே, அங்கே ஏன் போகவில்லை?” பட்டா மாறுதலில் தாசில்தார் உத்தரவு பிடிக்கவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு இருக்கிறது. வரி விதிப்பு என்றால் அதற்கென்று மேல்முறையீட்டு அதிகாரிகள் இருக்கிறார்கள். போலீஸ் புகாரை வாங்கவில்லை என்று ரிட் போடுவது ரொம்ப நாளாக நடக்கும் தவறு. எஸ்.பி.க்கு எழுதிவிட்டு, அப்புறம் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும் என்பதைத்தான் உச்ச நீதிமன்றம் 2007லேயே சொன்னது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அதே வரிசைதான்.

வேறு வழி இருந்தும் ரிட் போடத் தகுந்த நேரங்கள் நான்கு. அடிப்படை உரிமையே மீறப்பட்டிருக்கிறது; உங்களை ஒரு வார்த்தை கேட்காமலே உத்தரவு போட்டுவிட்டார்கள்; உத்தரவு போட்டவருக்கு அந்த அதிகாரமே கிடையாது; அல்லது அந்தச் சட்டமே செல்லாது என்கிறீர்கள். 1998இல் வேர்ல்பூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றைத் தொகுத்துச் சொன்னது. நடைமுறையில் இரண்டாவதுதான் சாமானியர்களுக்குக் கைகொடுக்கிறது. அதை ‘இயற்கை நீதி’ என்பார்கள். ஒருவரின் உரிமையில் கை வைக்குமுன் நோட்டீஸ் கொடு, பதிலைக் கேள், காரணம் எழுது. அவ்வளவுதான் அது. மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைக் காரணம் சொல்லாமல் வாங்கிக்கொண்ட வழக்கில் 1978இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு, 21வது பிரிவின்படி ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்றால் அது நியாயமான நடைமுறையாகவும் இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. வீடு இடிப்பு விஷயத்தில் 2024 நவம்பர் 13 தீர்ப்பு இன்னும் தெளிவாக, 15 நாள் நோட்டீஸ் இல்லாமல் இடிக்கக் கூடாது என்கிறது. சாலை, நீர்நிலை போன்ற பொது இட ஆக்கிரமிப்புக்கும், நீதிமன்றமே இடிக்கச் சொன்ன இடத்துக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. நோட்டீஸ் வந்தால் தேதியை முதலில் பாருங்கள்.

ரிட் நீதிமன்றம் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். “இந்தக் கையெழுத்து என்னுடையதே இல்லை”, “இந்த நிலத்தை நாங்கள்தான் ஐம்பது வருடமாக அனுபவிக்கிறோம்” என்பதெல்லாம் சிவில் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிய சங்கதிகள். இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்கிற காகிதங்களை வைத்தே அநியாயம் தெரிகிறது என்றால்தான் ரிட் நிற்கும்.

காகிதம் சேர்ப்பது

இங்கேதான் நான் கொஞ்சம் நிற்கப்போகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பாட்டி வந்தார். மஞ்சப்பையில் ஒரு பேங்க் பாஸ்புக், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஒன்று, அவ்வளவுதான். விதவை உதவித்தொகை வந்துகொண்டிருந்தது, ஒரு மாதம் நின்றது, பதினான்கு மாதமாக வரவில்லை. “ஆபீசுக்குப் போனீங்களா அம்மா?” என்றேன். “இருபது தடவை போயிருப்பேன் தம்பி. நாளைக்கு வா, அய்யா மீட்டிங்ல இருக்காருங்கறாங்க” என்றார். எழுதிக் கொடுத்தாரா? இல்லை. நிறுத்தியதாக உத்தரவு ஏதாவது வந்ததா? அதுவும் இல்லை.

அந்த இருபது நடைக்கும் நீதிமன்றத்தில் மதிப்பே கிடையாது. ஒரு அதிகாரியைக் கடமையைச் செய்யச் சொல்லி உத்தரவு கேட்க வேண்டும் என்றால், முதலில் நீங்கள் அவரிடம் கேட்டிருக்க வேண்டும், அவர் மறுத்திருக்க வேண்டும் அல்லது கண்டுகொள்ளாமல் இருந்திருக்க வேண்டும். அது காகிதத்தில் இருக்க வேண்டும்.

நாங்கள் ஒரு பக்கத்தில் மனு எழுதினோம். இந்தத் தேதியில் இந்த ஆணை எண்ணில் உதவித்தொகை அனுமதிக்கப்பட்டது, இந்த மாதத்திலிருந்து நின்றுவிட்டது, நோட்டீஸ் எதுவும் வரவில்லை, காரணத்தைத் தெரிவித்து மீண்டும் வழங்கக் கோருகிறேன். நாலே வரி. “எனக்கு யாரும் இல்லை, தாங்கள்தான் தெய்வம்” என்றெல்லாம் மூன்று பக்கம் எழுதுவார்கள். எழுதுகிறவரின் வலி புரிகிறது. ஆனால் அதில் கோரிக்கை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். நேரில் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். ‘மக்கள் குறைதீர் நாள்’ மனு என்றால் அந்த ரசீது எண்ணைப் பத்திரமாக வையுங்கள். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு: உதவித்தொகையை நிறுத்திய கோப்பின் நகல் வேண்டும் என்று. அவர்களுக்கு 30 நாள் அவகாசம்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. ஒரு ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்), ஒரு தேதி, கீழே ஒரே வரி: ‘மனுதாரர் தகுதியற்றவர் என்பதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.’ பாட்டி அழுதுவிட்டார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அந்த ஒரு வரிதான் எங்கள் வழக்கே. எதனால் தகுதியில்லை என்று காரணம் இல்லை, விசாரணைக்குக் கூப்பிடவும் இல்லை.

பதிலே வராமல் போனாலும் கவலையில்லை. ஒப்புகை அட்டை இருக்கிறது, நியாயமான காலம் கடந்துவிட்டது, அது போதும். ஆனால் நீங்களும் தூங்கிவிடக் கூடாது. ரிட்டுக்கு இத்தனை நாளுக்குள் என்று சட்டம் கெடு வைக்கவில்லை. அதற்காக ஐந்து வருடம் கழித்துப் போனால் “இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?” என்ற கேள்வியிலேயே வழக்கு முடிந்துவிடலாம். புதிது புதிதாக மனுக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் பழைய தாமதம் மறைந்துவிடாது.

எந்த ரிட், என்ன கேட்பது

ஐந்து வகை நீதிப்பேராணைகள். அதிகாரியைச் செய்யச் சொல்வது மாண்டமஸ். போட்ட உத்தரவைக் கோப்போடு வரவழைத்து ரத்து செய்வது சர்ஷியோரரி. எல்லை மீறி விசாரிக்கும் அமைப்பை நிறுத்துவது புரொஹிபிஷன். ‘எந்தத் தகுதியில் இந்தப் பதவியில் உட்கார்ந்திருக்கிறாய்?’ என்று கேட்பது கோ வாரண்டோ. ஐந்தாவதான ஆட்கொணர்வு மனுவுக்குத் தனியாக வருகிறேன். நம் உயர் நீதிமன்றத்தில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இரண்டைச் சேர்த்த கலவை: ‘சர்ஷியோரரிஃபைட் மாண்டமஸ்’. அந்த உத்தரவை ரத்து செய், ரத்து செய்துவிட்டு இன்னதைச் செய்யச் சொல். பாட்டிக்கும் அதைத்தான் கேட்டோம்.

கோரிக்கைப் பத்தியை வக்கீல் எழுதுவார் என்று விட்டுவிடாதீர்கள், வாசித்துப் பாருங்கள். உத்தரவின் எண்ணும் தேதியும் அங்கே சரியாக இருக்கிறதா? ஒரு எண் மாறினாலும் திருத்த மனு, இன்னொரு வாய்தா. “எனக்கு நீதி வழங்க வேண்டும்” என்று கேட்டால் நீதிபதியால் எதுவும் எழுத முடியாது. “இத்தனாம் தேதி உத்தரவை ரத்து செய்து, இத்தனாம் மாதத்திலிருந்து நிலுவையுடன் வழங்க உத்தரவிட வேண்டும்” என்றால் எழுதலாம்.

மனுவோடு கொடுக்கும் அபிடவிட்டில் (உறுதிமொழிப் பத்திரத்தில்) நடந்ததைத் தேதி வரிசையில் சொல்லுங்கள். உங்களுக்குப் பாதகமான விஷயம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே ஒரு வழக்குப் போட்டுத் தோற்றிருந்தால் அதை மறைக்கவே கூடாது. மறைத்தது தெரிந்தால் மற்ற எதையும் கேட்காமலே தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

தாக்கல் முதல் விசாரணை வரை

எங்கே தாக்கல் செய்வது என்பது மாவட்டத்தைப் பொறுத்தது. 2004 ஜூலை 24 முதல் மதுரைக் கிளை இயங்குகிறது. மதுரை, திண்டுக்கல், தேனி, ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சி, கரூர் ஆகியவை அங்கே. மற்ற மாவட்டங்களும் புதுச்சேரியும் சென்னை.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12வது பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. உயர் நீதிமன்றத்திலேயே அதற்கான குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

தாக்கல் ஆனதும் வழக்கு எண் கிடைத்துவிடாது. பதிவுத் துறை குறைகளைச் சொல்லி ‘ரிட்டர்ன்’ போடும்: இந்தப் பக்கம் படிக்க முடியவில்லை, தமிழ் ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு இல்லை, இப்படி. சரி செய்து திரும்பக் கொடுத்த பிறகுதான் ‘நம்பர் ஆகும்’. வழக்கு இரண்டு வாரமாக வரவில்லையே என்று வக்கீலிடம் சண்டைக்குப் போகுமுன் ரிட்டர்ன் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். எண் கிடைத்த பிறகு விசாரணைப் பட்டியலையும் வழக்கு நிலையையும் நீங்களே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் நாள் விசாரணை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஊரிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றமாக இருக்கும். நீங்கள் வர வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. அன்றைக்கு அரசு வழக்கறிஞர் நோட்டீஸ் வாங்கிக்கொள்வார், பதில் தாக்கல் செய்ய நேரம் கேட்பார். இடைக்காலத் தடை வேண்டும் என்றால் அன்றே கேட்டாக வேண்டும். நாளைக்கு இடிக்கப்போகிறார்கள், நாளை மறுநாள் தேர்வு என்பது போல, இப்போது தடுக்காவிட்டால் பிறகு திருத்த முடியாது என்று காட்ட முடிந்தால்தான் கிடைக்கும்.

பிறகு அரசின் பதில் மனு, அதாவது ‘கவுண்டர்’ வரும். அதை வரிக்கு வரி படியுங்கள். பாட்டி வழக்கில் வந்த கவுண்டரில், அவருக்குச் சம்பாதிக்கும் மகன் இருக்கிறார், வீடு இருக்கிறது என்று இரண்டு பக்கத்துக்குக் காரணங்கள் இருந்தன. உத்தரவில் இல்லாத காரணங்கள்! 1977இல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இதற்கு ஒரு வழி செய்துவைத்திருக்கிறார். ஒரு உத்தரவு அதில் எழுதியிருக்கும் காரணத்தாலேயே நிற்க வேண்டும், பின்னால் அபிடவிட்டில் புதுக் காரணம் சேர்க்கக் கூடாது. நாளாக நாளாகச் சுவை கூடுவதற்கு உத்தரவு ஒன்றும் பழைய மது அல்ல என்று அவருக்கே உரிய பாணியில் சொன்னார். மகன் பத்து வருடமாகத் தொடர்பிலேயே இல்லை என்ற கதையை நாங்கள் சொல்லவே தேவைப்படவில்லை.

ஆள் காணவில்லை, காவலில் இருக்கிறார் என்றால்

மேலே சொன்ன நிதானமெல்லாம் இதற்குப் பொருந்தாது. கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 22வது பிரிவு. நிறுத்தவில்லை, எங்கே என்றும் சொல்லவில்லை என்றால் ஆட்கொணர்வு மனு. மனைவி, தாய், நண்பர் யார் வேண்டுமானாலும் போடலாம். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் அமர்வு இதைக் கேட்கும். கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் உடனே தந்தி போல ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள், நேரம் பதிவாகும்.

குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14வது சட்டத்தில் அடைக்கப்பட்டவர்களுக்கும் இதே மனுத்தான். அங்கே நீதிமன்றம் பார்ப்பது குற்றம் நடந்ததா என்பதை அல்ல. தடுப்புக்காவல் ஆவணங்கள் படிக்கும்படி கொடுக்கப்பட்டனவா, தெரிந்த மொழியில் கொடுக்கப்பட்டனவா, அவர் அரசுக்கு அனுப்பிய முறையீட்டை எத்தனை நாள் கிடப்பில் போட்டார்கள் என்று பார்க்கும். அதனால் முறையீட்டை உடனே அனுப்புங்கள், அனுப்பிய தேதிக்கு ஆதாரம் வையுங்கள்.

இந்த மனுவின் மதிப்பு எவ்வளவு என்பது அது இல்லாமல் போன காலத்தில்தான் தெரிந்தது. நெருக்கடி நிலையின்போது 1976இல், காவலில் வைத்ததை எதிர்த்து நீதிமன்றம் வரவே முடியாது என்று ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்து எழுதினார். பிறகு 44வது திருத்தம் 20, 21 பிரிவுகளை நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாதபடி செய்தது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமை வழக்கில் அந்தப் பழைய தீர்ப்பையே தவறு என்று நீக்கினார்கள்.

உத்தரவு வந்த பிறகு

பலருக்குக் கிடைப்பது “மனுவை 12 வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும்” என்ற உத்தரவு. இது ஜெயிப்பு இல்லை, தோல்வியும் இல்லை. அதிகாரி பரிசீலித்து மறுபடியும் நிராகரிக்கலாம். வக்கீல் இப்படி ஒரு உத்தரவுக்குச் சம்மதிக்கப் போகிறார் என்றால், ‘மனுதாரரை நேரில் விசாரித்து, காரணங்களுடன்’ என்ற வார்த்தைகளையாவது சேர்க்கக் கேளுங்கள்.

உத்தரவு நகலை வாங்கியதும், அதை உங்கள் கைப்பட ஒரு கடிதத்தோடு சேர்த்து அதிகாரிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள் (பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் இதோடு இணைந்துவிட்டது). கெடு பெரும்பாலும் நகல் கிடைத்த தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும். கெடு முடிந்தும் அசையவில்லை என்றால் நீதிமன்ற அவமதிப்பு மனு. அதை ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். தோற்றிருந்தால் தனி நீதிபதியின் தீர்ப்பை எதிர்த்து 30 நாளுக்குள் ரிட் அப்பீல். அதற்கும் மேல் என்றால் 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றம்.

பாட்டியின் உத்தரவு ரத்தானது. ஆனால் பணம் உடனே வரவில்லை. நோட்டீஸ் கொடுத்து விசாரித்துப் புது உத்தரவு போடச் சொல்லி எட்டு வாரம் கெடு கொடுத்தார் நீதிபதி. எட்டு வாரம் முடிந்து இன்னும் இரண்டு வாரம் போனது. அவமதிப்பு நோட்டீஸ் அனுப்பிய நாலாம் நாள் விசாரணைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. போகும்போது அதே மஞ்சப்பை. அதற்குள் இப்போது தீர்ப்பு நகல், ஒப்புகை அட்டை, பழைய ஒற்றை வரி உத்தரவு, எல்லாவற்றிலும் மூன்று மூன்று ஜெராக்ஸ். “கொடுத்துட்டுக் கையெழுத்து வாங்கிக்கிட்டுத்தான் வருவேன் தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார்.